சுவரின் ஈரமும் சொல்லாத சொல்லும்

வெள்ளம் வடிந்த ஊர்களிற் சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், சுவர்களுக்குப் புதிதாக வெள்ளை அடிக்கப்பட்டிருக்கும். ஊறிப் பொருமிய கதவுகள் சீவப்பட்டு வர்ணம் பூசப்பட்டிருக்கும். சில வாசல்களில் ‘வீடு விற்பனைக்கு’ என்ற பலகையும் தொங்கும். வெள்ளை அடிப்பதிற் குற்றம் ஏதுமில்லை. பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் வெள்ளை அடிக்கும் சமூகம் நமது. ஆயினும் விற்பனைக்கு முன் அடிக்கப்படும் வெள்ளைக்குத் தனியான வரலாறு ஒன்று உண்டு. அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

நீர் புகுந்து பழுதான வீட்டை ஒருவர் அறியாமல் வாங்குகிறார். வங்கிக் கடனுக்காகக் காப்புறுதியும் எடுக்கிறார். அடுத்த மாரியிற் சுவர் வெடிக்கிறது. கூரைமரம் உளுத்து இறங்குகிறது. காப்புறுதி நிறுவனத்திடம் போனால், ‘இது நீங்கள் வாங்குமுன்பே இருந்த பழுது’ என்ற பதில் கிடைக்கிறது. விற்றவரைத் தேடினால் அவர் வெளிநாடு போய்விட்டார். இந்த மனிதரின் இக்கட்டுக்கு அவருடைய துரதிர்ஷ்டம் மட்டும் காரணமன்று. இலங்கையில் ஒரு வீட்டை வாங்கும்போது ஒரு சட்டமும், அதே வீட்டைக் காப்புறுதி செய்யும்போது இன்னொரு சட்டமும் நம்மை ஆளுகின்றன. முதலாவது உரோமிலிருந்து ஒல்லாந்து வழியாக வந்தது. இரண்டாவது இலண்டனிலிருந்து வந்தது. குறையைச் சொல்லவேண்டியவர் யார் என்ற வினாவுக்கு இவ்விரண்டும் வெவ்வேறு ஆட்களைச் சுட்டுகின்றன.

சிசரோ சொன்ன வீடு

கி.மு. 44 இல், தன் வாழ்வின் இறுதிக் காலத்தில், உரோம அரசியலாளரும் வழக்கறிஞருமான சிசரோ ‘கடமைகள் பற்றி’ என்ற நூலை எழுதினார். ஏதென்சிற் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு எழுதுவதாக அமைந்த அந்நூலின் மூன்றாம் பாகத்தில் ஒரு வீட்டு விற்பனை பேசப்படுகிறது. ஒருவர் தன் வீட்டை விற்க முனைகிறார். அது சுகாதாரக் கேடானது, மரங்கள் உளுத்தவை, அறைகளிற் பாம்பு வருகிறது. இவை விற்பவருக்கு மட்டுமே தெரியும். அவர் வாய் திறக்காமல் நல்ல விலைக்கு விற்றுவிட்டால் அது தகுமா?

இரு ஸ்தோயிக்க மெய்யியலாளரைச் சிசரோ இங்கே வாதிட விடுகிறார். வாங்கும்படி எவரையும் அவர் வற்புறுத்தவில்லை. வாங்குபவருக்குத்தான் கண் இருக்கிறதே என்பது டயோஜெனஸின் பக்கம். வழி தெரியாதவனுக்கு வழி காட்டாமல் விடுவதிலும் கொடியது, தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் விழவிடுவது என்பது அன்ரிபேற்றரின் பக்கம். வீட்டை விற்பவர் குறையை மறைத்திருக்கக் கூடாது என்பதே சிசரோவின் தீர்ப்பு.

இது வெறும் மெய்யியல் விளையாட்டன்று. அதே நூலில் ஓர் உண்மை வழக்கும் வருகிறது. உரோமின் கீலியன் குன்றில் ஒருவருக்கு உயர்ந்த வீடொன்று இருந்தது. குறி பார்க்கும் குருமார், தமது பார்வைக்கு அது தடையாக இருக்கிறதென்று சொல்லி, உயர்ந்த பகுதிகளை இடிக்கும்படி அவருக்கு உத்தரவிட்டனர். அவர் உத்தரவைச் சொல்லாமல் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவருக்கும் அதே உத்தரவு வந்தது, அவர் இடித்தார். பின்னர் உண்மை தெரிந்து வழக்கிட்டார். தெரிந்திருந்தும் சொல்லாமல் விற்றவர் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்று நடுவர் தீர்த்தார்.

சந்தைகளை மேற்பார்வை செய்த உரோம அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமென ஆணை பிறப்பித்திருந்தனர். காலப்போக்கில் அந்த ஆணையின் கொள்கை நிலத்துக்கும் வீட்டுக்கும் விரிந்தது. மறைவான குறை வெளிப்பட்டால் வாங்கியவர் பொருளைத் திருப்பிக்கொடுத்து விலையை மீளப் பெறலாம்; அல்லது பொருளை வைத்துக்கொண்டு விலையிற் கழிவு கேட்கலாம். விற்றவருக்கே அக்குறை தெரியாதிருந்தாலும் இப்பரிகாரம் உண்டு. தெரிந்தே மறைத்திருந்தால் அதனால் விளைந்த பிற நட்டங்களுக்கும் அவர் பொறுப்பாளி.

ஒல்லாந்தர் விட்டுச் சென்றது

ஒல்லாந்தர் 1656 இற் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கோட்டைகளையும் தோம்புகளையும் விட்டுச்சென்றது போலவே தமது சட்டத்தையும் விட்டுச்சென்றனர். 1796 இல் ஆங்கிலேயர் வந்தபோது அச்சட்டத்தைக் களையவில்லை. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1799 செப்டெம்பர் 23 இல் வெளியிட்ட பிரகடனம், ஒல்லாந்தர் காலத்தில் வழங்கிய சட்டங்களே தொடரும் என்றது. அதனால் இன்றும், அசையாப் பொருளின் விற்பனையில், சிறப்புச் சட்டம் ஏதும் இடைமறிக்காத இடங்களில், உரோமன் டச்சுச் சட்டமே இந்நாட்டின் பொதுச் சட்டம். அசையும் பொருள்களுக்கு 1896 இன் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கில முறையைக் கொண்டுவந்தது. வீடும் காணியும் அதற்குள் அடங்கவில்லை.

ஆகவே ஈரம் பிடித்த வீட்டை வாங்கியவர், விற்றவரை நோக்கித் திரும்பும்போது, சிசரோ காலத்து வாதமே அவருக்குத் துணை நிற்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. குறை மறைவானதாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த குறையைப் பார்த்தபின் வாங்கியவர், அதை ஏற்றே வாங்கினார் என்று கருதப்படுவார். இங்கேதான் வெள்ளையடிப்பு முக்கியமாகிறது. முழங்கால் உயரத்தில் ஓடும் பழுப்புக் கோடு எவரும் காணக்கூடிய குறை. அதன்மேல் இரண்டு பூச்சு வெள்ளை ஏறியதும் அதுவே மறைவான குறையாகிவிடுகிறது. மறைக்க அடித்த பூச்சு, மறைத்தவருக்கு எதிரான சாட்சியாகவும் மாறலாம்.

நொத்தாரிசு முன்னிலையில் எழுதாத காணி விற்பனை செல்லாது என்று 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது. எனினும் உறுதியில் நாம் எழுதுவது எல்லைகளையும் பரப்பையும் வந்த வழி உரித்தையும்தான். ஒல்லாந்தர் தோம்பும் அதையே பதிந்தது. கிழக்கெல்லையில் யாருடைய காணி என்று உறுதி சொல்லும். எந்த ஆண்டு எத்தனை அடி வெள்ளம் நின்றது என்று சொல்லாது.

இலண்டனிலிருந்து வந்த சட்டம்

இனி மற்றச் சட்டத்துக்கு வருவோம். 1666 செப்டெம்பரில் இலண்டனில் மூண்ட பெருந்தீ 13,200 வீடுகளை அழித்தது. அந்தச் சாம்பலிலிருந்தே வீட்டுக் காப்புறுதித் தொழில் எழுந்தது. நிக்கலஸ் பார்போன் என்ற மருத்துவரும் கட்டட வணிகரும் 1680 அளவில் தீக் காப்புறுதி அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். மரவீட்டுக்கு வாங்கிய கட்டணம் செங்கல் வீட்டின் கட்டணத்தைப்போல் இரு மடங்கு. அதாவது, வீடு எத்தகையது என்ற கேள்வியோடுதான் இத்தொழில் பிறந்தது. வீட்டைப் பற்றி அறிந்தவர் அதில் வாழ்பவர். அறியாதவர் காப்புறுதி கொடுப்பவர். அறிந்தவர் வாய் திறக்க வேண்டும் என்ற விதி இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே வளர்ந்தது.

அவ்விதிக்கு மூலமாக எடுத்துக்காட்டப்படும் 1766 ஆம் ஆண்டு வழக்கு, வீடு பற்றியதன்று. சுமாத்திராவின் பென்கூலனில் ஆங்கிலேயர் வைத்திருந்த கோட்டை பற்றியது. கோட்டையை அந்நிய எதிரி கைப்பற்றினால் ஈடு கிடைக்கும்படி அதன் ஆளுநர் காப்புறுதி செய்திருந்தார். 1760 இற் பிரெஞ்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். கோட்டையின் பலவீனத்தை ஆளுநர் சொல்லவில்லை என்று காப்புறுதி கொடுத்தவர் பணம் தர மறுத்தார். மான்ஸ்பீல்ட் பிரபு, காப்புறுதி ஒப்பந்தம் இரு தரப்பாரதும் நேர்மையிலேயே தங்கியுள்ளது, ஒருவர் தமக்கு மட்டும் தெரிந்ததை மறைத்து மற்றவரை ஏமாற்றக் கூடாது என்ற கொள்கையை விளக்கினார். ஆனால் வழக்கில் வென்றவர் ஆளுநர்தான். இலண்டனில் இருந்தவர் தாமே விசாரித்து அறியக்கூடியதை அறியாமல் விட்டுவிட்டு, இழப்பு வந்தபின் முறையிட முடியாது என்றாயிற்று.

பிற்காலம் அத்தீர்ப்பின் முற்பாதியையே இறுகப் பற்றிக்கொண்டது. 1906 ஆம் ஆண்டின் கடற் காப்புறுதிச் சட்டம், நிறுவனம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் முக்கியமான விடயங்கள் யாவற்றையும் காப்புறுதி எடுப்பவர் சொல்ல வேண்டும் என வகுத்தது. அதே கொள்கை வீட்டுக் காப்புறுதிக்கும் வழங்கியது. 1975 இல் தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு வழக்கில், நகைகளைத் தொலைத்த ஆங்கிலப் பெண்மணி ஒருவருக்கு, கணவர் முன்னர் குற்றவாளியாகக் காணப்பட்டதை அவர் சொல்லவில்லை என்ற காரணத்தால் ஈடு மறுக்கப்பட்டது. அதுபற்றி அவரிடம் எவரும் கேட்டிருக்கவில்லை. சட்டம் கடுமையானது என்று வருந்திய நீதிபதிகள் அதன்படியே தீர்ப்பும் அளித்தனர்.

இச்சட்டம் இலங்கைக்கு வந்தது 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியாக. வங்கித் தொழில், பங்குடைமை, கம்பனிகள் ஆகியவற்றோடு, ஆயுள் காப்புறுதியிலும் தீக் காப்புறுதியிலும் எழும் வினாக்களுக்கு இங்கிலாந்தில் வழங்கும் சட்டமே இங்கும் வழங்கும் என்று அது விதித்தது. கோப்பியில் முதலிட்டிருந்த ஆங்கில வணிகருக்கு அது வசதியாக இருந்தது. வீட்டை வாங்குபவருக்கோ, அன்றிலிருந்து ஒரே வாசலில் இரண்டு சட்டங்கள்.

இரண்டு கதவுகள்

நீர்ப் பழுதுள்ள வீட்டின் சொந்தக்காரர் காப்புறுதியிற் கடக்கவேண்டிய கதவுகள் இரண்டு. முதலாவது, சொல்லும் கடமை. தமக்குத் தெரிந்த பழைய வெள்ளத்தை அவர் சொல்ல வேண்டும். சொன்னால் கட்டணம் உயரலாம், வெள்ளம் விலக்கப்படலாம், விண்ணப்பமே மறுக்கப்படலாம். சொல்லாவிட்டால் ஒப்பந்தமே செல்லாதாகலாம். தெரியாததைச் சொல்ல முடியாது என்பதையும் ஆங்கில நீதிமன்றம் 1908 இலேயே ஏற்றுக்கொண்டது. எனவே, ஏமாற்றப்பட்டு வாங்கியவர் இக்கதவைக் கடந்துவிடலாம்.

அவர் முட்டிக்கொள்வது இரண்டாம் கதவில். காப்புறுதி என்பது வரக்கூடிய விபத்துக்கானது, வந்துவிட்டதற்கானதன்று. ஒப்பந்தக் காலத்துள் திடீரென நேர்ந்த சேதத்துக்கே ஈடு கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் ஊறிய கசிவும், உளுப்பும், பூஞ்சணமும், தேய்மானமும் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். குழாய் ஒன்று இன்று வெடித்தாற் கேட்கலாம்; ஐந்து ஆண்டுகளாகச் சொட்டியதற்குக் கேட்க முடியாது. வாங்கியவருக்கு நேற்றுத் தெரியவந்த பழுது, சுவருக்குப் பழைய பழுது. காப்புறுதி பார்ப்பது சுவரின் காலக் கணக்கை. இங்கே நல்லெண்ணம் உதவாது.

வெள்ளம் கற்பித்த பாடம்

இது ஒரு வீட்டின் சிக்கலாக நின்றுவிடவில்லை. 1927 இல் மிசிசிப்பி ஆறு பெருகி அமெரிக்காவில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை இடம்பெயர்த்தது. அதன்பின் தனியார் நிறுவனங்கள் வெள்ளக் காப்புறுதியைக் கைவிட்டன. தீ ஒரு தெருவில் ஒரு வீட்டைத் தின்னும். வெள்ளம் தெரு முழுவதையும் ஒரே இரவில் விழுங்கும். மேலும், வெள்ளம் வரும் வீட்டுக்காரரே அக்காப்புறுதியை நாடுவார்; மேட்டில் இருப்பவர் கட்டணம் கட்டமாட்டார். 1965 இல் பெற்சி சூறாவளி லூசியானாவைத் தாக்கியபின், 1968 இல் அமெரிக்க அரசே தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கியது.

பிரித்தானியா வேறு வழியிற் சென்றது. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கி இங்கிலாந்தில் 307 பேரையும் நெதர்லாந்தில் 1,800 இற்கும் மேற்பட்டோரையும் கொன்றது. 1960களின் தொடக்கத்தில், வீடுகளுக்கு வெள்ளக் காப்புறுதி மறுப்பதில்லை என்று காப்புறுதி நிறுவனங்கள் அரசுக்கு வாக்களித்தன. எழுத்திற் சட்டமாகாத அந்த வாக்கு வெவ்வேறு வடிவங்களில் 2013 வரை நீண்டது. அதன் இடத்துக்கு 2016 ஏப்ரலில் ‘ஃப்ளட் றீ’ என்ற பொது நிதியம் வந்தது. வீட்டுக் காப்புறுதி விற்கும் நிறுவனங்களிடம் வரி பெற்று, வெள்ள அபாய வீடுகளின் சுமையை அது பகிர்கிறது. 2009 இலும் அதன் பின்னரும் கட்டப்பட்ட வீடுகளை அது ஏற்பதில்லை. வெள்ளம் வருமென்று தெரிந்த நிலத்திற் புதிதாகக் கட்டுவோரை ஊக்குவிக்கக் கூடாது என்பதே காரணம்.

இதற்கிடையில் சொல்லும் கடமையும் அங்கே தளர்ந்தது. 2012 இல் இயற்றப்பட்டு 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, சாதாரண நுகர்வோர் தாமாக எல்லாவற்றையும் சொல்லவேண்டியதில்லை. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மை சொன்னாற் போதும். கேட்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. மான்ஸ்பீல்ட் பிரபுவின் தீர்ப்பில் மறக்கப்பட்ட பிற்பாதிக்கு இரண்டரை நூற்றாண்டு கழித்து உயிர் வந்தது எனலாம்.

மௌனத்தின் விலை 500 டொலர்

அமெரிக்காவில் வீட்டின் பழங்கதை கணினிக்குள் ஏறியது. ஒரு வீட்டின்மீது முன்னைய சொந்தக்காரர்கள் கோரிய ஈடுகளை ஏழு ஆண்டுகள்வரை வைத்திருக்கும் ‘குளூ’ என்ற பதிவேட்டை நிறுவனங்கள் பார்க்கின்றன. விற்பவர் சொல்லாத நீர்க்கசிவைக்கூட அது சொல்லிவிடும். ஆனால் சொல்வது நிறுவனத்துக்கு. 2001 இல் டெக்சஸ் மாநில நடுவர் குழு ஒன்று, நீர்க்கசிவால் பூஞ்சணம் பிடித்த வீடு தொடர்பான வழக்கில் 32 மில்லியன் டொலர் வழங்கத் தீர்த்தது. மேன்முறையீட்டில் அத்தொகை பெரிதும் குறைக்கப்பட்டது. ஆயினும் அச்சம் பரவி, பூஞ்சணத்தை விலக்கும் வாசகங்கள் ஒப்பந்தங்களிற் பெருகின. நீருக்காக ஒருமுறை ஈடு கோரிய வீட்டை வாங்கியவர்கள், தாம் செய்யாத கோரிக்கைக்காகக் காப்புறுதி மறுக்கப்படும் நிலையும் வந்தது.

நியூயோர்க் மாநிலத்தில், வீட்டின் குறைகளை எழுதிக் கொடுக்க விரும்பாத விற்பனையாளர் வாங்குபவருக்கு 500 டொலர் கழித்துக்கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்று நெடுங்காலம் சட்டமே இடமளித்தது. பலரும் அதையே செய்தனர். 2024 மார்ச்சில்தான் அவ்வழி அடைக்கப்பட்டது. வெள்ளம் புகுந்த வரலாறும் இப்போது எழுதிக்கொடுக்கப்பட வேண்டும். டெக்சஸ் மாநிலமும் 2017 ஆம் ஆண்டின் ஹார்வி சூறாவளிக்குப் பின், 2019 இல் இத்தகைய கடமையை இறுக்கியது. சிசரோவின் கேள்விக்கு அமெரிக்கச் சட்டமன்றங்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக விடையளிக்கின்றன.

நமது வாசலில்

இலங்கையிலும் நீர் தன் பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்துகிறது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, கடுவலைப் பகுதிகள் மூழ்கின. 2017 மே மாதத்தில் களு கங்கை பெருகியது. 2018 டிசெம்பரிற் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துள் அமிழ்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. இந்த ஆண்டுகள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான சுவர்களில் ஒரு கோட்டை வரைந்து சென்றுள்ளன. அவற்றுட் பல இன்று பூச்சின் கீழே இருக்கின்றன. அந்த வீடுகள் ஒருநாள் கைமாறும்.

நம் நாட்டு வீட்டுக் காப்புறுதி அடிப்படையில் தீக் காப்புறுதியே. வெள்ளமும் புயலும் மேலதிகமாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டியவை. வங்கிக் கடனுக்கான காகிதக் கட்டோடு முன்மொழிவுப் படிவமும் வரும்; பலர் வாசிக்காமலே ஒப்பமிடுவர்; சில வேளைகளில் விடைகளை முகவரே எழுதிவிடுவார். ‘இவ்விடத்தில் முன்னர் வெள்ளம் ஏற்பட்டதா?’ என்ற வரிக்கு நேரே யாரோ போட்ட ‘இல்லை’ பின்னர் ஒப்பமிட்டவரின் சொல்லாகவே கொள்ளப்படும். இங்கிலாந்தில் 2012 இற் செய்யப்பட்ட தளர்வு, 1852 இன் கட்டளைச் சட்டத்தின் வழியே நமக்கும் எவ்வளவு பொருந்தும் என்பது சட்டத்தரணிகள் வாதிடவேண்டிய விடயம். வாங்குபவர் அதை நம்பி ஒப்பமிடுவது புத்தியன்று.

இரு சட்டங்களையும் சேர்த்து வாசிக்கும்போது தெளிவாகும் உண்மை ஒன்றே. பழைய நீருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர், காப்புறுதி நிறுவனமன்று. ஆகவே உறுதி முடிக்குமுன் விற்பவரிடம் கேட்க வேண்டியதை எழுத்திற் கேட்டு, எழுத்தில் விடை பெற வேண்டும். எந்த ஆண்டு நீர் வந்தது, எவ்வளவு உயரம் நின்றது, என்ன திருத்தப்பட்டது, ஈடு பெறப்பட்டதா என்ற நான்கு கேள்விகள் போதும். உண்மை சொன்னால் விலை பேசலாம். பொய் சொன்னால் அந்தக் கடதாசியே வழக்கிற் சாட்சி. அயலவரிடமும் கிராம அலுவலரிடமும் விசாரித்தால் உறுதியில் இல்லாத வரலாறு கிடைக்கும். பிறகு, அறிந்தவை அனைத்தையும் காப்புறுதிப் படிவத்தில் தம் கையால் எழுத வேண்டும்.

நீரால் வீடு பழுதாவது விற்பவரின் குற்றமன்று. வெள்ளத்தில் அவரும் இழந்தவரே. அந்த இழப்பை வெள்ளைப் பூச்சின் கீழே வைத்து அடுத்தவர் தலையில் ஏற்றுவதே குற்றம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர் இலையில் மறைப்பதோடு சரி. சுவரில் மறைத்த நீரோ அடுத்த மாரியில் வெளியே வரும். அப்போது அந்த வீட்டில் இருப்பது வேறொரு குடும்பம்.